இறக்கத்துல இறங்கி மட்டத்துக்கு வந்ததும் எஞ்சின் நிக்குது: டேங்க் மூடியா, காபரேட்டரா?

தோட்டத்து_ரைடர்

மோட்டார் சைக்கிள் 125 சிசி, காபரேட்டர் (காத்தையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு விடுற பாகம்) வச்சது. நுவரெலியாவுல இருந்து இறம்பொடை வழியா கம்பளைக்கு இறங்கும்போது வளைவெல்லாம் ஒழுங்கா வருது. புசல்லாவை தாண்டி மட்டமான இடத்துல த்ரொட்டில் கொடுத்தா ரெண்டு இழுவை இழுத்துட்டு நின்னுடுது. சோக் போட்டா சில செக்கன் பிடிக்கும், அப்புறம் செத்துடும். ஓரமா நிறுத்தி வச்சா கொஞ்ச நேரத்துல தானா சரியாகுது. திரும்பி மேல ஏறும்போது இந்தத் தொல்லையே இல்ல.

காபரேட்டர் கழுவியாச்சு, ப்ளக் புதுசு, மெயின் ஜெட் (காபரேட்டர்ல பெற்றோல் போற துளை) ஒரு சைஸ் குறைச்சாச்சு. மாற்றம் இல்ல. டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கும்னு ஒரு மெக்கானிக் பாஸ் சொல்றார். அப்படின்னா ஏறும்போதும் நிக்கணுமே? ஏத்தத்துலதானே பெற்றோல் அதிகமா குடிக்கும்?

பசறைப்பையன்

நின்ன உடனே மூடியைத் திறந்து காதை வச்சுக் கேளுங்க அண்ணே. உஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் வந்தா அதேதான்.

கந்தப்பளை_கிங்

மூடியெல்லாம் சும்மா. உயரம்தான் காரணம். நுவரெலியாவுல காத்து மெலிசு, மிக்ஸர் (காத்து, பெற்றோல் கலவை) கொழுப்பாகும், அதாவது பெற்றோல் பங்கு கூடும், ப்ளக் கறுக்கும். ஜெட்டை இன்னும் ஒரு சைஸ் இறக்குங்க.

ஊவா_ஸ்பானர்

கந்தப்பளைத் தம்பி சொல்றது பாதி சரி. நுவரெலியாவோட 1,868 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கிறதுல ஏறக்குறைய ஆறுல அஞ்சு பங்குதான். அதனால மிக்ஸர் சுமார் 10 வீதம் கொழுக்கும். ஆனா கொழுத்த மிக்ஸரோட அடையாளம் வேற: இழுவை மந்தம், கறுத்த ப்ளக், பெற்றோல் மணம். அதுவும் மேலதான் இருக்கும், கம்பளைப் பக்கம் இறங்க இறங்கக் குறையும். இங்க நேரெதிரா நடக்குது. அது மட்டுமில்ல, சோக் காத்தைக் குறைச்சுப் பெற்றோல் பங்கைக் கூட்டுது. அதைப் போட்டா பிடிக்குதுன்னா பெற்றோல் பத்தலைன்னு அர்த்தம். கொழுத்த எஞ்சினுக்குச் சோக் போட்டா இன்னும் சீக்கிரம்தான் சாகும்.

ஏறும்போது நிக்கலைங்கிறதை வச்சு மூடி நல்லா இருக்குன்னு முடிவு கட்டாதீங்க. மலைநாட்டுல இந்தக் கோளாறு ஏத்தத்துல ஒளிஞ்சுக்கும், இறக்கத்துல வெளிய வரும்.

காபரேட்டர் வண்டியில பெற்றோல் தன் எடையாலதான் இறங்குது. டேங்க்ல இருக்கிற பெற்றோல் மட்டத்துக்கும் ஃப்ளோட் பவுலுக்கும் (காபரேட்டர் அடியில பெற்றோல் தேங்குற கிண்ணம்) இடையில 25, 30 சென்டிமீட்டர் உயரம். அது கொடுக்கிற தள்ளு வெறும் 2 கிலோபாஸ்கல் சொச்சம். டேங்க் உள்ளே இருக்கிற அழுத்தம் வெளியை விட அந்தளவு குறைஞ்சாலே டேங்க் அடியில இருக்கிற பெற்றோல் டேப் திறந்திருந்தும் ஒரு சொட்டு இறங்காது. டின்பால் டின்னுல ஒரே ஒரு ஓட்டை குத்தினா பால் வருமா? அதே கதைதான்.

இப்ப உயரத்தைச் சேருங்க. கடல் மட்டத்துல காத்தழுத்தம் 101 கிலோபாஸ்கல். கண்டியில ஏறக்குறைய 95, ஹட்டன்ல 87, நுவரெலியாவுல 81. நம்ம உயரங்கள்ல 100 மீட்டர் இறங்கினா வெளி அழுத்தம் சுமார் 1 கிலோபாஸ்கல் கூடும். அடைச்ச மூடியோட நுவரெலியாவுல இருந்து கிளம்பினா, 200, 250 மீட்டர் இறங்கும்போதே அந்த 2 கிலோபாஸ்கல் தள்ளு தீர்ந்துடும். அதாவது லபுக்கலையைத் தாண்டும்போதே டேங்க்ல இருந்து பெற்றோல் வர்றது நின்னிருக்கலாம்.

அப்ப ஏன் அங்கேயே நிக்கல? இறக்கத்துல த்ரொட்டிலை மூடி, கியர்ல பிடிச்சு வர்றீங்க. ஐடில் ஜெட் குடிக்கிறது சொற்பம். பவுல்ல மிஞ்சியிருக்கிற 30, 40 மி.லி.யை வச்சே வண்டி ஒப்பேத்திடும். முழுசா அடைபடாத மூடி கொஞ்சம் கொஞ்சமா காத்தை விட்டுக்கிட்டும் இருக்கும். மட்டத்துல த்ரொட்டில் திறந்ததும் மெயின் ஜெட் இழுக்குது, பவுல் காலி, அவ்வளவுதான்.

ஏத்தத்துல இது தலைகீழ். 100 மீட்டர் ஏறினா வெளி அழுத்தம் 1 கிலோபாஸ்கல் குறையும். உள்ள உண்டாகிற வெற்றிடத்தை அது ஈடுகட்டிடும். இன்னொண்ணு, ஏறும்போது எஞ்சின் சூடு டேங்க் அடியைத் தொடுது, பெற்றோல் ஆவி கூடுது, உள் அழுத்தம் ஏறுது. இறங்கும்போது எஞ்சின் ஆறிப்போய், குளிர் காத்து டேங்க்கைத் தடவிக்கிட்டே வருது, ஆவி அடங்குது. அதனாலதான் வெயில் நாள்ல ஒழுங்கா ஓடுற வண்டி மழை நாள்லயும் விடியக்காலையிலயும் மட்டும் படுத்துக்கும்.

நானுஓயா_எக்ஸ்பிரஸ்

கணக்கு நல்லா இருக்குங்க. ஆனா பெற்றோல் செட்ல ஃபுல் டேங்க் அடிச்சுட்டு கிளம்பி, ஏத்தத்துலயே ரெண்டு மூணு கிலோமீட்டர்ல நிக்கிற வண்டிகளும் இருக்கே. அது எப்படி?

ஊவா_ஸ்பானர்

நல்ல கேள்வி. அதுக்குக் காரணம் டேங்க்ல மிஞ்சியிருக்கிற காத்திடம்.

டேங்க் பாதி இருக்கும்போது உள்ள 5 லீட்டர் காத்திடம்னு வைங்க. 100 மி.லி. பெற்றோல் போனா அந்த இடம் 2 வீதம் பெருகும். உள்ள இருக்கிறது காத்து மட்டும் இல்ல, பெற்றோல் ஆவியும் இருக்கு. இடம் பெருகப் பெருக ஆவி புதுசா கிளம்பி தன் பங்கை நிரப்பிடும். அழுத்தம் இழக்கிறது காத்தோட பங்கு மட்டும்தான். அது நம்ம பக்கத்துல 55 கிலோபாஸ்கல் அளவு. ஆக 100 மி.லி.க்கு 1 கிலோபாஸ்கல் சொச்சம் இறங்கும். ஃபுல் டேங்க்ல காத்திடம் 1 லீட்டர்தான்னா, அழுத்தம் அதே அளவு குறைய 20 மி.லி. போதும். 40 மி.லி.யில தள்ளு மொத்தமும் காலி. ஏத்தத்துல லீட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு 40 மி.லி.ங்கிறது ஒரு கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்துல 60 மீட்டர் ஏறியிருப்பீங்க, அது கொடுக்கிற ஈடு 0.6 கிலோபாஸ்கல். பத்தாது. அதுக்கப்புறம் பவுல்ல இருக்கிறதை வச்சு இன்னொரு கிலோமீட்டர்.

அதனால "ஃபுல் டேங்க் அடிச்சா சீக்கிரம் நிக்குது, பாதி டேங்க்ல தாக்குப் பிடிக்குது"ன்னா காத்து வழி அடைப்புன்னு சந்தேகப்படுங்க. நேர்மாறா பெற்றோல் குறையக் குறைய நிக்குதுன்னா டேப், ஃபில்டர், ஹோஸ் பக்கம் தேடுங்க.

மஸ்கெலியா_கராஜ்

உஸ்ஸுன்னு சத்தம் கேக்குறதை மட்டும் நம்பாதீங்க. நல்ல மூடியிலயும் வெயில்ல நின்ன வண்டியைத் திறந்தா லேசா சத்தம் வரும். காத்து உள்ள போற சத்தமா, வெளிய வர்ற சத்தமான்னு பார்க்கணும். மூடி மேல ஈர விரலை வச்சுத் திறந்தா தெரிஞ்சுடும்.

இன்னொரு பொறி இருக்கு. மூடியைத் திறந்து, பார்த்து, மூடி, கிக் அடிக்க அஞ்சு பத்து நிமிஷம் ஆயிடும். சூட்டுல செத்த இக்னிஷன் காயிலும் அதுக்குள்ள ஆறி உயிர் வந்துடும். மூடிதான் காரணம்னு நினைச்சுக்கிட்டு மூடியை மாத்துவாங்க, அடுத்த கிழமை மறுபடி நிக்கும். அதனால நின்ன இடத்துலயே மூடியைத் திறந்து, பவுல் நிறைய அரை நிமிஷம் மட்டும் விட்டு உடனே ஸ்டார்ட் பண்ணுங்க. அரை நிமிஷத்துல சரியானா பெற்றோல். பத்து நிமிஷம் ஆறினாதான் சரியாகுதுன்னா ப்ளக்கைக் கழட்டி நெருப்பு வருதான்னு பாருங்க.

உறுதியா தெரியணும்னா அளந்து பாருங்க. காபரேட்டர் பக்கம் பெற்றோல் ஹோஸைக் கழட்டி, அதுல கொஞ்சம் நீளமான டியூபைச் செருகி, ஒரு லீட்டர் தண்ணி போத்தல்ல விடுங்க. போத்தலை முதல்லயே 100 மி.லி. 100 மி.லி.யா தண்ணி ஊத்தி மார்க்கரால கோடு போட்டு, காய வச்சிருக்கணும். முதல்ல மூடியைத் திறந்து வச்சு ஒரு நிமிஷம் ஓட விடுங்க. அப்புறம் மூடியைப் பூட்டிட்டு நாலஞ்சு நிமிஷம் விடுங்க, ஒவ்வொரு நிமிஷமும் கோட்டைப் பாருங்க. போத்தல் நிறையுற மாதிரி வந்தா டேப்பை மூடாம வேற போத்தலுக்கு மாத்துங்க.

மட்டத்துல 40 கிலோமீட்டர் வேகத்துல போற 125க்கு நிமிஷத்துக்கு 15 மி.லி. போதும், கடும் ஏத்தத்துல அதுல ரெண்டு, மூணு மடங்கு. ஆக நிமிஷத்துக்கு 100 மி.லி.க்கு மேல சீரா வந்தா டேங்க்லயும் டேப்லயும் குறை இல்ல. மூடி திறந்தப்ப நல்லா வந்து, பூட்டினப்புறம் நூலா மெலிஞ்சு, சொட்டா மாறி, டியூப் வழியா குமிழி மேல ஏறிச்சுன்னா சந்தேகமே வேண்டாம், மூடி. திறந்து வச்சாலும் மெலிசாதான் வருதுன்னா மூடியைத் தொடாதீங்க, டேப் மேல இருக்கிற வலையைப் பாருங்க. துரு, பழைய சீலர் துண்டு, ஏதாவது நிக்கும்.

லயத்து வாசல்ல செய்றவங்க அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி எல்லாத்தையும் பார்த்துக்கங்க. பெற்றோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட ஊர்ந்து போகும். பத்தடி தள்ளி எரியுற விறகும் போதும்.

ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டியில இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அந்த ஹோஸ்ல 3 பார் அளவு அழுத்தம் நிக்குது, கழட்டினா முகத்துல பீச்சும்.

தோட்டத்து_ரைடர்

அளந்தேன். மூடி திறந்து ஒரு நிமிஷம்: 180 மி.லி. பூட்டினப்புறம் முதல் நிமிஷம் 160, ரெண்டாவது 90, மூணாவது நிமிஷத்துல சொட்டு. திறந்ததும் உள்பக்கமா உறிஞ்சுற சத்தம், மறுபடி நல்லா ஓடுது. டேங்க் முக்கால்வாசி இருந்துச்சு.

பூட்டு மூடி, கீல் வச்சுத் திறக்கிற வகை. அதைப் பிரிச்சுக் கழுவ முடியுமா, இல்ல மாத்தியே ஆகணுமா?

மஸ்கெலியா_கராஜ்

கழுவலாம். நிதானமா செய்யுங்க.

மூடியைச் சுத்தி வளையத்துல ஆறேழு அலன் போல்ட் தெரியும். அதுல மூணு நாலுதான் நிஜம், மத்தது அழகுக்கு வச்சது. 4 மி.மீ. அலன் கீ போதும். சாவி போட்டுத் திறந்து வச்சபடியே கழட்டணும். அதுக்கு முன்ன டேங்க் வாய்க்குள்ள ஒரு துணியைத் திணிங்க. போல்ட் உள்ள விழுந்தா வேலை ரெண்டாகும்.

மூடியைத் திருப்பினா அடியில ரப்பர் வளையமும் சின்ன ஸ்க்ரூ மூணு நாலும் இருக்கும். அது துருப்பிடிச்சு இறுகியிருக்கும். துரு இளக்குற எண்ணெயை ரெண்டு சொட்டு விட்டு இரவு வச்சுடுங்க. ஸ்க்ரூட்ரைவர் நுனி சரியா பொருந்தணும், தலை உருண்டு போச்சுன்னா மூடியே போச்சு. தட்டைத் தூக்கினதும் ஸ்ப்ரிங், சின்னக் குண்டு, ரப்பர் நாக்கு எல்லாம் துள்ளிப் பறக்கும். வெள்ளைத் துணி மேல வச்சுப் பிரிங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் ஃபோன்ல படம் எடுத்து வைங்க. எது மேல, எது கீழங்கிறதுதான் இதுல மொத்த வேலையும்.

ஓட்டையைக் குத்த ஊசியோ ட்ரில்லோ வேண்டாம். பழைய வயர் துண்டை உரிச்சு அதுல ஒரே ஒரு செம்பு இழையை எடுங்க, அதுதான் சரியான தடிப்பு. உலோகப் பாகத்தைக் காபரேட்டர் க்ளீனர் அடிச்சுக் கழுவலாம். ரப்பர்ல அது படக்கூடாது, உப்பிடும். ரப்பரைச் சவர்க்காரத் தண்ணியில கழுவிக் காய வைங்க. கொம்ப்ரசர் துப்பாக்கியை நேரா வச்சு அடிக்காதீங்க. 7, 8 பார் காத்து குண்டையும் நாக்கையும் தூக்கிட்டுப் போயிடும், அழுக்கையும் உள் வளைவுல இன்னும் இறுக்கிடும்.

மூட்டினப்புறம் சோதிக்க வாயை வச்சு ஊத வேண்டாம், பெற்றோல் விஷம். பார்மசியில 10 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, நுனியில சின்ன டியூப் மாட்டி, மூடியோட அடி ஓட்டையில அழுத்திப் பிடிச்சு இழுங்க. பிஸ்டன் தடையில்லாம வரணும். இழுத்து விட்டா திரும்ப ஓடுச்சுன்னா இன்னும் அடைப்பு இருக்கு. அப்புறம் தள்ளியும் பாருங்க. சில மூடியில தள்ளும்போது கொஞ்சம் தடை இருக்கும், வண்டி சாஞ்சா பெற்றோல் கொட்டாம இருக்க வச்ச வால்வு அது. இழுக்கும்போது தடை இருக்கவே கூடாது.

சிலிக்கோன் சீலர் போட்டு மூடியை இறுக்குறவங்க இருக்காங்க. பெற்றோல் பட்டு அது கொழகொழன்னு இளகும், பிசிறு டேப் வலைக்குப் போகும், அடுத்தது ஜெட்டுக்குப் போகும். கிரீஸும் காத்து ஓட்டைப் பக்கமே போகக்கூடாது.

பசறைப்பையன்

மழைக்கு மூடி மேல சொப்பிங் பேக் கட்டுறவங்களையும் சேர்த்துக்கங்க. ரெக்ஸின் டேங்க் கவர் தைச்சுப் போட்டு, மூடியை மறைக்கிற மாதிரி ஃப்ளாப் வச்சு அழுத்துறதும் இதே கேஸ்தான். மூடி புதுசா இருந்தாலும் நனைஞ்ச பொலித்தீன் ஓட்டையில ஒட்டிக்கும்.

கந்தப்பளை_கிங்

பொலித்தீன் கட்டாட்டி தண்ணி உள்ள போகுதே. இங்க மழை சும்மா விடுதா? பவுலைத் திறந்தா ஒவ்வொரு தடவையும் தண்ணிக் குமிழ். பனியில டேங்க் உள்ள வேர்த்துத் தண்ணி சேருதுன்னு கராஜ்ல சொல்றாங்க.

ஊவா_ஸ்பானர்

பனி மேல பழி போடாதீங்க. 20 பாகை சூட்டுல ஈரம் நிறைஞ்ச காத்து ஒரு கன மீட்டர்ல 17 கிராம் தண்ணி இருக்கும். 10 லீட்டர் காத்திடம்னா மொத்தமே 0.17 கிராம், நாலு சொட்டுக்கும் குறைவு. டேங்க் ஒரு நாளைக்கு உள்ள இழுத்து வெளிய விடுறது அதுல ஒரு சின்னப் பங்குதான். அதுவும் அத்தனையும் படியாது. மாசக்கணக்கா பாதி டேங்க்கோட நிறுத்தி வச்ச வண்டியில மேல்சுவர் துருப்பிடிக்க அது போதும். வாராவாரம் பவுல்ல குமிழ் தெரியுற அளவுக்குத் தண்ணி வருதுன்னா அது மழைத் தண்ணி, மூடி வழியாத்தான் வருது.

கீல் வகை மூடியைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கு. அந்தப் பள்ளத்துல ஒரு சின்ன வடிகால் ஓட்டை. அதுல இருந்து ஒரு குழாய் டேங்க் ஊடாக இறங்கி, அடியில ரப்பர் டியூபா எஞ்சின் பின்னால வெளிய வரும். மழைத் தண்ணி அது வழியா ரோட்டுக்குப் போகணும். அது அடைச்சா பள்ளம் குளமாகி, மூடியோட காத்து ஓட்டை தண்ணிக்குள்ள முங்கிடும். அப்ப என்ன நடக்கும்? சூடான டேங்க் மேல குளிர் மழை விழுந்ததும் உள்ள ஆவி சுருங்கும். காத்தை இழுக்க வேண்டிய ஓட்டை தண்ணியை இழுக்கும். அதோட இறக்கமும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம்.

மூடியைத் திறந்து, வாய்க்குள்ள துணியை அடைச்சு, பள்ளத்துல அரை கிளாஸ் தண்ணி ஊத்திப் பாருங்க. சில செக்கன்ல கீழ வடியணும். வடியலைன்னா மேல இருந்து தூண்டில் நரம்பை விட்டுக் குடையலாம், கீழ இருந்து சைக்கிள் பம்பால மெதுவா ஊதலாம். டியூப் நுனியில மண்குளவி கூடு கட்டியிருக்கும், சேறு காஞ்சு இறுகியிருக்கும், இல்லாட்டி டியூப் மடிஞ்சு சீட்டுக்கும் டேங்க்குக்கும் இடையில நசுங்கியிருக்கும். இன்னொண்ணு, மூடி வளையத்துக்கு அடியில இருக்கிற கேஸ்கட்ல வடிகாலுக்குன்னே ஒரு துளை உண்டு. கழட்டி மாட்டும்போது அதைத் திருப்பிப் போட்டா வடிகால் மூடிக்கும். தோட்டத்து ரைடர் தம்பி, நீங்க மாட்டும்போது இதைப் பார்த்துக்கங்க.

அந்தக் குழாய் டேங்க் உள்ளேயே துருப்பிடிச்சு ஓட்டை விழுறதும் உண்டு. அப்ப வடிகால் டியூப் வழியா பெற்றோல் சொட்டும். காபரேட்டர் ஓவர்ஃப்ளோன்னு நினைச்சு ஃப்ளோட் ஊசியை (பவுல் நிறைஞ்சதும் பெற்றோலை நிறுத்துற ஊசி) மாத்திக்கிட்டே இருப்பாங்க. டேப்பை மூடின பிறகும் சொட்டுதுன்னா காபரேட்டர் மேல குத்தம் இல்ல.

நானுஓயா_எக்ஸ்பிரஸ்

எதிர்ப் பக்கம் யாரும் பேசல. வெற்றிடம் சரி, உள்ள அழுத்தம் கூடினா? கண்டியில நிரப்பி நுவரெலியா வந்து சேர்ந்ததும் காபரேட்டர்ல இருந்து பெற்றோல் வழியுறது இதுல சேருமா?

ஊவா_ஸ்பானர்

சேரும். ஆனா குறைவாத்தான் பார்க்கலாம். வெற்றிடம் மூடியைக் கீழ இழுத்து ரப்பர்ல இன்னும் இறுக்கும். அழுத்தம் அதை மேல தள்ளும், ரப்பர் ஓரமா கசிஞ்சு தானே வழி கண்டுக்கும். அதனால ஒரே அடைச்ச மூடி இறக்கத்துல நல்லா சீல் ஆகும், ஏத்தத்துல அரைகுறையாத்தான் பிடிக்கும்.

ஆனா புது ரப்பர், இறுக்கமான பூட்டு, காத்தை உள்ள மட்டும் விட்டு வெளிய விடாத வால்வு, இந்த மூணும் சேர்ந்தா கதை வேற. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் 14 கிலோபாஸ்கல் வித்தியாசம். அந்த அழுத்தம் டேங்க்ல நின்னா, டேங்க்கைத் தூக்கி ரெண்டு மீட்டர் உயரத்துல வச்சதுக்குச் சமமான தள்ளு ஃப்ளோட் ஊசி மேல விழும். 30 சென்டிமீட்டருக்குச் செஞ்ச ஊசி அதைத் தாங்காது. நல்ல வேளையா இருந்தா ஓவர்ஃப்ளோ டியூப் வழியா ரோட்டுல ஒழுகும். ஓவர்ஃப்ளோ அடைச்சிருந்தா எஞ்சினுக்குள்ள போகும், அங்க இருந்து ஒயிலுக்கு இறங்கும். ஒயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெற்றோல் மணமும், மட்டம் வழக்கத்தை விட உசந்தும் இருந்தா ஸ்டார்ட் பண்ணாம ஒயிலை மாத்துங்க. மெலிஞ்ச ஒயில்ல ஓட்டினா பேரிங் போயிடும்.

வாய் வரைக்கும் நிரப்புறதும் இதையே செய்யும். பெற்றோல் ஒரு பாகை சூட்டுக்கு ஆயிரத்துல ஒரு பங்கு பெருகும். விடியக்காலையில 12 பாகையில 10 லீட்டர் நிரப்பி, பெரகலை இறங்கி வெல்லவாயவுல 32 பாகையில நிறுத்தினா 200 மி.லி. கூடுதலா இடம் கேக்கும். நிரப்பு வாயில இருந்து கீழ இறங்கிற கழுத்துத் தகட்டோட அடி விளிம்பு வரைக்கும்தான் நிரப்பணும். சைட் ஸ்டாண்ட்ல சாய்ச்சு வச்சு ததும்பத் ததும்ப அடிக்கச் சொல்றது கெட்ட பழக்கம். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுல வாரத்துக்கு 4 லீட்டர்னு கியூஆர்ல வாங்கின காலத்துல வந்த ஆசை, இன்னும் விடல.

பசறைப்பையன்

இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்தத் தலைவலியே இல்லைதானே?

மஸ்கெலியா_கராஜ்

நிக்காது, அவ்வளவுதான். பம்ப் 3 பார்ல, அதாவது 300 கிலோபாஸ்கல்ல தள்ளுது, 2 கிலோபாஸ்கல் வெற்றிடத்தை அது கண்டுக்காது. அதனால அடைப்பு யாருக்கும் தெரியாம வளரும். வெற்றிடம் கூடிக்கிட்டே போனா பம்ப் இரையுற சத்தம் மாறும். பெற்றோல் கொதிச்சுக் குமிழி வந்து உயர் வேகத்துல இழுவை விட்டு விட்டு வரும். கடைசியா தகட்டு டேங்க்கோட பக்கச் சுவர் உள்ள ஒடுங்கும். மூடியைத் திறக்கும்போது டேங்க் 'டொக்'குன்னு சத்தம் போட்டா அது ஒடுங்கின தகடு திரும்புற சத்தம்.

புது வண்டிகள்ல இன்னொரு சமாச்சாரம். இந்தியாவுல 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு செஞ்ச வண்டிகள்ல டேங்க் ஆவி வெளிய போகாம ஒரு கரி டப்பாவுக்குப் போகுது. எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரிக்கும். அந்த வண்டியில காத்து வழி மூடியில மட்டும் இல்ல, டப்பாவோட அடி டியூப்லயும் இருக்கு. சேத்து ரோட்டுல ஓடினா அந்த நுனி அடைக்கும். ததும்ப நிரப்பினா திரவப் பெற்றோலே டப்பாவுக்குப் போய்க் கரியை நனைச்சுடும். அதுக்கப்புறம் சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஐடில்ல பெற்றோல் மணக்கும். டியூபைக் கழட்டி அடைச்சு விடுறது தீர்வு இல்ல, டேங்க்கோட மூச்சையே அடைக்கிற வேலை அது.

பழைய ஸ்கூட்டர்கள்ல எஞ்சின் உறிஞ்சுற வெற்றிடத்தால திறக்கிற டேப் இருக்கும். அதோட டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிஞ்சாலும் பெற்றோல் பத்தாம நிக்கும், மூடியைத் திறந்தாலும் மாறாது. வெற்றிட ஹோஸைக் கழட்டி உள்ள பெற்றோல் ஈரம் இருக்கான்னு பாருங்க. இருந்தா டேப் மாத்தணும்.

தோட்டத்து_ரைடர்

பிரிச்சுட்டேன். ரப்பர் நாக்குக்கு அடியில பச்சை நிறத்துல கட்டியா ஒரு பொருள். டேங்க் பொலிஷ் காஞ்சு, தூசியோட சேர்ந்து இறுகின மாதிரி. குண்டு அதுல ஒட்டிக்கிட்டு நகரவே இல்ல. வடிகாலும் அரைவாசி அடைப்பு. ரப்பர் வளையம் வெடிச்சிருக்கு, அதை மட்டும் தனியா வாங்க முடியுமா? கடையில முழு மூடிதான் காட்டுறாங்க, விலை குறைஞ்ச சாதி. சாவியும் வேற ஆயிடும்.

மஸ்கெலியா_கராஜ்

குண்டையும் அது உட்கார்ற இடத்தையும் பஞ்சுல மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சா பொலிஷ் இளகிடும். இனிமே பொலிஷ் போடும்போது மூடி வளையத்தைச் சுத்தி ஒரு விரல் அகலம் விட்டுடுங்க.

ரப்பர் வளையம் தனியா கிடைக்கும். பழையதை எடுத்துட்டுப் போய் உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூணையும் ஒப்பிட்டு வாங்குங்க. பெற்றோல் தாங்குற நைட்ரைல் ரப்பரா கேளுங்க. டியூப் ரப்பரை வெட்டிப் போட்டா ரெண்டு கிழமையில உப்பி, மூடி பூட்டாது. முழு மூடி வாங்கினா கடையிலயே சிரிஞ்சை வச்சு இழுத்துப் பாருங்க. விலை குறைஞ்சதுல சிலதுக்கு ஓட்டையே போட்டிருக்க மாட்டாங்க, சிலதுல ஓட்டை இருக்கும், ரப்பர் அதை மூடிக்கிட்டு இருக்கும். சாவிக்குக் கவலை வேண்டாம். பூட்டு சிலிண்டர் பல மாடல்ல ஒரு பின்னைத் தட்டினா கழண்டு வரும், பழையதையே மாத்திக்கலாம்.

ஜெட்டையும் பழைய சைஸுக்கே போடுங்க. கீழ கம்பளை, கண்டிப் பக்கமும் ஓட்டுற வண்டிக்குக் குறைச்ச ஜெட் சூடாக்கும்.

கந்தப்பளை_கிங்

நுவரெலியாவை விட்டு இறங்காத வண்டிக்கு?

மஸ்கெலியா_கராஜ்

அதுக்கு ஒரு சைஸ் குறைச்சது சரிதான். ப்ளக் நிறம் பார்த்து முடிவு பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்ன மூடியைத் திறந்து வச்சு ஒரு தடவை அளந்துடுங்க.